குஷிகாட்சு கடையில் செய்யக்கூடாத தவறுகள்

குஷிகாட்சு என்பது ஜப்பானின் குச்சிப் பொரியல்; ஒசாகா நகரின் ஷின்செகாய் பகுதிதான் அதற்குப் பேர்போன இடம். 1929-இல் தொடங்கிய தாருமா கடை இன்றும் அங்கே நடக்கிறது. இறைச்சி, மீன், காய்கறி எதுவானாலும் சின்னத் துண்டாகக் குச்சியில் குத்தி, மாவில் தோய்த்து, பிரெட் தூளில் புரட்டிப் பொரித்துத் தருவார்கள். முதல் தடவை போகிறவர்கள் அதிகம் தவறுவது சாஸில்தான்.

பழைய முறைக் கடைகளில் சாஸ் ஓர் எவர்சில்வர் டப்பாவில் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே டப்பாதான். அதனால் கடித்த குச்சியை மறுபடி முக்கவே கூடாது. கடிப்பதற்கு முன்பே துண்டு முழுவதும் மூழ்கும்படி ஒரே தடவை முக்கி, உடனே எடுத்து, டப்பாவுக்கு மேலேயே ஒரு நொடி சொட்டவிட்டுத் தட்டுக்குக் கொண்டுவாருங்கள். சாஸ் தண்ணியாகத்தான் இருக்கும். ஊறவிட்டால் உப்பு ஏறி, மேல்தோல் நமத்துவிடும். பயந்துகொண்டு நுனியை மட்டும் நனைத்தால் பாதிக்கு மேல் சாஸே இருக்காது.

அப்படிப் போதாமல் போனால் கைகொடுப்பது மேசையில் இருக்கும் பச்சை முட்டைகோஸ். கடிக்காத ஒரு துண்டால் சாஸை அள்ளி, தட்டில் உள்ள குச்சியின் மேல் விட்டுக்கொள்ளலாம். கடித்த கோஸும் எச்சில்தான். அது டப்பாவுக்குள் போகக்கூடாது. தட்டில் வழிந்ததைத் திருப்பி ஊற்றுவதும் கூடாது. கொரோனாவுக்குப் பிறகு பல கடைகள் பாட்டிலுக்கு மாறிவிட்டன. அங்கே எத்தனை தடவை வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தாமரைக் கிழங்கு, வெங்காயம், அஸ்பாரகஸ் என்று பட்டியலில் நிறைய இருக்கும். ஆனால் மாவில் பெரும்பாலும் முட்டை உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய். சில கடைகளில் அது மாட்டுக்கொழுப்பு அல்லது பன்றிக்கொழுப்பு. காய்கறிக் குச்சிதானே என்று நம்பி ஆர்டர் செய்துவிடாதீர்கள், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பட்டியலில் வெறுமனே குஷிகாட்சு என்று போட்டிருந்தால் ஒசாகாவில் அது பொதுவாக மாட்டிறைச்சி. டோக்கியோவில் பன்றி இறைச்சியும் வெங்காயமும் மாறி மாறிக் குத்தியது வரும்.

ஒரேயடியாக இருபது குச்சி சொல்வதும் வீண். ஆளுக்கு நாலைந்து சொல்லி, சாப்பிட்டுவிட்டு அடுத்ததைச் சொல்லுங்கள். பொரித்து ஐந்து நிமிடம் கிடந்தாலே உள்ளிருக்கும் ஆவி மேல்தோலை இளக்கிவிடும். சில பழைய கடைகளில் குச்சி தனியாகக் கிடைக்காது, மூன்று மூன்றாகத்தான் வரும். சொல்வதற்கு முன் பட்டியலைப் பாருங்கள்.

காடை முட்டை, சீஸ், தக்காளி மூன்றையும் வந்த வேகத்தில் முழுசாக வாயில் போடாதீர்கள். வெளியே ஆறியதுபோல் இருந்தாலும் உள்ளே கொதிக்கும். முதல் துண்டை நேராகக் கடிக்கலாம். அடுத்தடுத்த துண்டுகளுக்குக் குச்சியைப் பக்கவாட்டில் பிடித்து இழுங்கள், இல்லையென்றால் கூர்முனை தொண்டையைக் குத்தும்.

வெறும் குச்சிகளை மேசையில் இருக்கும் குவளையில் போட வேண்டும். அதை எண்ணியே பில் போடும் கடைகளும் உண்டு, அதனால் தட்டுக்கடியிலோ டிஷ்யூவிலோ ஒதுக்கிவைக்காதீர்கள்.

சற்றே விலை கூடிய கடைகளில் சமையல்காரரே தேர்ந்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போவார். பல இடங்களில் நீங்கள் 'ஸ்டாப்' என்று சொல்லும்வரை அது நிற்காது. வயிறு நிறைவதற்கு இரண்டு குச்சிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்; எண்ணெய்க்குள் போய்விட்டதைத் திருப்ப முடியாது.