பில்லுக்கும் ஓடிபிக்கும் காத்துக் கிடக்காமல் வரி அலுவலகத்தை நடத்துவது எப்படி?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் புதிதாக வரி ஆலோசனை அலுவலகம் போட்டவர்களுக்கும், ஆடிட்டர் அலுவலகத்தில் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் இந்த விளக்கம். ஒரு ஹார்டுவேர் கடையின் மாத ரிட்டர்னைப் போட, பில் எல்லாம் ஒழுங்காகக் கையில் இருந்தால், நாற்பது நிமிடம் போதும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாற்பதை முப்பதாக்கப் பாடுபடுவதில் பெரிய லாபமில்லை. நாள் கரைவது பில் வரட்டும், ஓடிபி வரட்டும் என்று உட்கார்ந்திருப்பதில்தான். ஆகவே கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை காத்திருப்பைக் குறைப்பதற்கு.

படி 1: ஒரு வாரம் நேரக் கணக்கு எழுதுங்கள்

ஆப் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டிலும் ஒரே எழுத்து: வேலை என்றால் 'வே', காத்திருப்பு 'கா', தேடல் 'தே', போன் 'போ'. 5-ம் தேதியிலிருந்து 11-ம் தேதி வரை எழுதினால்தான் உண்மை தெரியும். 25-ம் தேதிக்கு மேல் எழுதினால் எல்லாம் அழகாகத் தெரியும், பயனில்லை. 'தே' நிறைய இருந்தால் பைல் வைக்கும் முறையில் கோளாறு. 'கா' நிறைய இருந்தால் படி 3-ம் 5-ம் உங்களுக்குத்தான்.

படி 2: வாடிக்கையாளர் பட்டியல், ஒரே ஷீட்டில்

எக்செல்லில் ஒரு வரிக்கு ஒருவர். பெயர், ஜிஎஸ்டி எண், மாத ரிட்டர்னா காலாண்டா கம்போசிஷனா (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு நிலையான சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) என்பதெல்லாம் எல்லோரும் எழுதுவதுதான். விட்டுப்போகிறவை வேறு: ஓடிபி போகும் போன் யார் கையில் இருக்கிறது, பில்லை உண்மையில் அனுப்புவது யார் (முதலாளியா, மகளா, கணக்கு எழுதும் பையனா), எந்த நேரத்தில் கூப்பிட்டால் எடுப்பார், டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்பம்) எந்தத் தேதியில் காலாவதி. தோவாளைப் பூ வியாபாரி விடியுமுன்னே சந்தையில் நிற்பவர். அவரைக் காலை ஒன்பதுக்குக் கூப்பிட்டு 'எடுக்கவில்லை' என்று அலுத்துக்கொள்வதில் நியாயமில்லை. மீன் ஏலத்தில் நிற்பவரும் அப்படித்தான். பாஸ்வேர்டை இந்த ஷீட்டில் எழுதாதீர்கள். ஷீட் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றும்.

இதே ஷீட்டைப் பார்த்து இன்னொரு காரியமும் செய்யலாம். ஆண்டு விற்பனை 5 கோடி வரை உள்ளவர்கள் க்யூஆர்எம்பி முறைக்கு (ரிட்டர்ன் காலாண்டுக்கு ஒருமுறை, வரி மாதாமாதம்) மாறலாம். மாதம் இரண்டு வீதம் ஆண்டுக்கு 24 ரிட்டர்ன் போடும் இடத்தில் 8 போதும். காலாண்டின் முதல் இரண்டு மாதம் வரியை மட்டும் பிஎம்டி-06 சலானில் அடுத்த மாதம் 25-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். முந்தைய காலாண்டில் ரொக்கமாகக் கட்டியதில் 35 சதவீதம் என்று போர்ட்டலே கணக்குப் போட்டுத் தரும் வசதியும் உண்டு. ஏப்ரல்–ஜூன் காலாண்டுக்கு மாற விரும்பினால் பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை தேர்வு செய்யலாம். துணிக்கடை, மளிகைக் கடை மாதிரி நேரே மக்களிடம் விற்பவர்களுக்கு இது பொருந்தும். கடைகளுக்கே மொத்தமாக விற்பவர் என்றால் யோசியுங்கள்: வாங்கும்போது கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ள வாங்கியவர் மாதாமாதம் கிரெடிட் கேட்பார். அதற்காக முதல் இரண்டு மாத பில்களை 13-ம் தேதிக்குள் ஐஎஃப்எஃப்பில் (காலாண்டுக்காரர்கள் இடைமாத பில்களை ஏற்றும் வசதி) ஏற்ற வேண்டிவரும். ரப்பர் ஷீட் வியாபாரிகளை அவசரப்பட்டு மாற்றிவிட்டு, பிறகு போனுக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோக வேண்டாம்.

படி 3: அரசு தேதி ஒன்று, நம் தேதி ஒன்று

மாத ரிட்டர்ன்காரர்களுக்கு, விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 கடைசித் தேதி 11. வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி கடைசித் தேதி 20. காலாண்டுக்காரர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1-க்கு 13, தமிழ்நாட்டில் 3பிக்கு 22. கம்போசிஷன்காரர்கள் வரி கட்டும் சிஎம்பி-08 படிவத்துக்கு, காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18. பிடித்தம் செய்த வருமான வரியான டிடிஎஸ் கட்ட 7 (மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30), பிஎஃப், இஎஸ்ஐ 15. இவை அரசு தேதிகள். வாடிக்கையாளரிடம் இவற்றைச் சொல்லவே கூடாது. 11 என்று சொன்னால் 10-ம் தேதி இரவு பத்து மணிக்குத்தான் பில் வரும். அவருக்குச் சொல்ல வேண்டிய தேதி 5.

கணக்குப் பாருங்கள். மாத ரிட்டர்ன்காரர்கள் 35 பேர், ஒருவருக்கு 40 நிமிடம். பில் 5-ம் தேதி மாலைக்குள் வந்தால் 6 முதல் 10 வரை ஐந்து நாள், நாளுக்கு ஏழு பேர், 4 மணி 40 நிமிட வேலை. ஞாயிறு குறுக்கிட்டால் நாளுக்கு ஒன்பது பேர், அதையும் தாங்கலாம். அதே 35 பேரும் 9-ம் தேதி இரவு தந்தால் இரண்டு நாளில் 23 மணி 20 நிமிட வேலை. ஒரு ஆளால் அது நடக்காது. நடந்ததாகத் தெரிந்தால் எங்கோ பில் விட்டுப்போயிருக்கிறது.

விட்டுப்போனால் முன்பு 3பியில் சரிக்கட்டுவார்கள். 2025 ஜூலை மாத ரிட்டர்னிலிருந்து, ஜிஎஸ்டிஆர்-1-லிருந்து 3பிக்கு வரும் விற்பனை வரியைக் கையால் திருத்த முடியாது. திருத்த வேண்டுமென்றால் 3பி போடுமுன் ஜிஎஸ்டிஆர்-1ஏ என்ற திருத்தப் படிவம் போட வேண்டும், அதாவது இன்னொரு வேலை, இன்னொரு ஓடிபி. இதோடு நிற்பதில்லை. 11-ம் தேதிக்குள் ஏறாத பில், 14-ம் தேதி உருவாகும் 2பியில் (வாங்கியவருக்குரிய கிரெடிட் பட்டியல்) வாங்கியவருக்கு வராது. அவருக்கு கிரெடிட் ஒரு மாதம் தள்ளும்; அவர் உங்கள் வாடிக்கையாளரைத் திட்டுவார், வாடிக்கையாளர் உங்களைக் கூப்பிடுவார். 15-ம் தேதிக்கு மேல் வரும் போன்களில் பாதிக்கு மூலம் 10-ம் தேதி அவசரம்தான்.

மாதம் இப்படி விழும்: 1–5 பில் சேகரிப்பு, நடுவே டிடிஎஸ் கணக்கு. 6–10 ஜிஎஸ்டிஆர்-1. 11 தவறியவர்களுக்கு மட்டும். 14-ம் தேதி 2பி வந்ததும் பர்சேஸ் பில்லோடு ஒப்பிடுவது, 15–18 3பி. 19, 20 காலியாகவே இருக்கட்டும். கட்ட வேண்டிய பணத்தை வங்கியில் போடாதவர்கள் அந்த இரண்டு நாளையும் எப்படியும் நிரப்பிவிடுவார்கள். 23-ம் தேதிக்கு மேல் நோட்டீஸ் பதில், புதுப் பதிவு, கணக்குப் புத்தகம்.

படி 4: பில் கேட்கும் விதம்

'பில் அனுப்புங்க' என்ற செய்திக்குப் பதில் வராது. என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள், எப்படி என்று மூன்றும் இருக்க வேண்டும். 1-ம் தேதி காலை அனுப்ப ஒரு மாதிரி:

'வணக்கம் அண்ணாச்சி. செப்டம்பர் மாத சேல்ஸ் பில், பர்சேஸ் பில், திரும்பி வந்த சரக்குக்கான கிரெடிட் நோட்டு மூன்றும் 5-ம் தேதி சாயங்காலத்துக்குள் வேணும். போட்டோவா அனுப்பாம, ஸ்கேன் பண்ணி ஒரே பிடிஎஃபா அனுப்புங்க. இந்த மாதம் வியாபாரமே இல்லைன்னா "இல்லை"ன்னு ஒரு வார்த்தை போடுங்க.'

கடைசி வரி முக்கியம். நில் ரிட்டர்ன்காரர்கள்தான் பதிலே போடமாட்டார்கள். நில் ரிட்டர்னை அவர்களே பதிவு செய்த போனிலிருந்து 14409-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் போடலாம். வரும் ஆறு இலக்கக் குறியீட்டை உறுதிசெய்து திருப்பி அனுப்பினால் முடிந்தது. ஒருமுறை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

3-ம் தேதி ஒரு நினைவூட்டல், 5-ம் தேதி மாலை ஒரு போன். அதற்கு மேல் துரத்த வேண்டாம். தாமதமாக வந்தவர் வரிசையில் கடைசி. தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய், நில் என்றால் 20. வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. 10-ம் தேதி பில் தந்துவிட்டு அந்தத் தொகையை நம் தலையில் கட்டப் பார்க்கிறவர்களும் உண்டு. எந்தத் தேதியில் பில் வந்தது என்பதை ஷீட்டில் குறித்து வையுங்கள்.

படி 5: ஓடிபி

கன்னியாகுமரி மாவட்டத்தில் மற்ற ஊர்களை விடக் கூடுதலாகக் கழுத்தறுப்பது இதுதான். ஒருவர் ஆழ்கடலில் இருப்பார், இன்னொருவர் வளைகுடாவில் இருப்பார், அவருடைய இந்திய சிம் இங்கே வீட்டு அலமாரியில் ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கும்.

ஜிஎஸ்டியில் ஓடிபி போனுக்கும் மின்னஞ்சலுக்கும் சேர்ந்தே போகும். முதலாளி அடிக்கடி வெளியூர் போகிறவர் என்றால், மனைவியையோ மகனையோ மேனேஜரையோ இன்னொரு அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரராகச் சேர்த்துவிடுங்கள். போர்ட்டலில் நான்-கோர் (அதிகாரி ஒப்புதல் தேவைப்படாத) திருத்தத்தில் இது முடியும். டிஎஸ்சி எடுத்து வைப்பது இன்னொரு வழி. பலர் செய்யும் சுலப வழி, ஆலோசகரின் சொந்த போன் எண்ணையே எல்லோருக்கும் பதிவுசெய்துவிடுவது. செய்யாதீர்கள். வாடிக்கையாளர் ஆடிட்டரை மாற்றும் நாளில் தகராறு வரும். அதற்கு முன்பே, அவருக்குப் போக வேண்டிய நோட்டீஸ் தகவல் அவருக்குத் தெரியாமலே போகும்.

வருமான வரி ரிட்டர்னில் ஆதார் ஓடிபி கிடைக்காவிட்டால் நெட் பேங்கிங் வழியாகவோ, முன்பே சரிபார்த்த வங்கிக் கணக்கு வழியாகவோ உறுதிசெய்யலாம். அதுவும் முடியாவிட்டால் ஐடிஆர்-வி ஒப்புகைச் சீட்டில் கையெழுத்து வாங்கி வருமான வரித் துறையின் பெங்களூரு சிபிசி மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். எப்படியானாலும் ரிட்டர்ன் போட்டதிலிருந்து 30 நாள்தான்.

ஓடிபிகளை ஒன்று சேர்த்து வாங்குங்கள். காலையில் ஏழு பேரின் ரிட்டர்னையும் தயாராக்கி, 'பன்னிரண்டு மணிக்கு ஓடிபி வரும், போனைக் கையில் வச்சிருங்க' என்று முன்கூட்டியே சொல்லி, பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குள் எல்லாவற்றையும் முடியுங்கள். ஒவ்வொன்றாக வாங்கினால் ஏழுமுறை வேலை அறுபடும்.

படி 6: ஒரு நாளின் அமைப்பு

கடைசித் தேதியை ஒட்டிய மாலைகளில் போர்ட்டல் இழுக்கும். ஆகவே போர்ட்டல் வேலை காலையில், டாலி கணக்கு மென்பொருளில் பில் ஏற்றுவதும் ஒப்பிடுவதும் மதியத்துக்கு மேல். போன் பேச 12–1, 5–6. மற்ற நேரத்தில் எடுக்காவிட்டால் கோபிப்பார்கள் என்று பயம் வரும். திருப்பிக் கூப்பிடும் நேரத்தை ஒழுங்காகக் காப்பாற்றினால் இரண்டு மாதத்தில் பழகிவிடுவார்கள்.

படி 7: ஊர்க் காலண்டரை மேலே ஒட்டுங்கள்

ஓணம், நவம்பர் 1, கோட்டாறு சவேரியார் திருவிழாவின் டிசம்பர் 3, மாசியில் மண்டைக்காடு கொடை என்று இங்கே உள்ளூர் விடுமுறைகள் வரும். அவற்றுக்காக வரித் தேதி நகராது. டிசம்பர் 3 விடுமுறை என்றால் அந்த மாதம் பில் கேட்கும் செய்தி நவம்பர் 28-க்கே போக வேண்டும். கிறிஸ்துமஸ் வாரத்தில் யாரும் எதுவும் தரமாட்டார்கள்; டிசம்பர் 15-க்குள் கட்ட வேண்டிய அட்வான்ஸ் டாக்ஸ் (முன்கூட்டியே தவணையாகக் கட்டும் வருமான வரி) பேச்சோடு மற்றதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மழையும் உண்டு. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தில் பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. யுபிஎஸ், வேறு நெட்வொர்க்கில் ஒரு டேட்டா சிம், தினமும் டாலி பேக்கப் வெளி டிரைவில் ஒன்று, இணையத்தில் ஒன்று. செலவு அதிகமில்லை.

சம்பளக்காரர்களின் வருமான வரி ரிட்டர்னுக்கு ஜூலை 31. வேலை தருபவர் கொடுக்கும் டிடிஎஸ் சான்றிதழான ஃபார்ம் 16 ஜூன் 15 வாக்கில்தான் கைக்கு வரும். அதற்கு முன் போடும் ரிட்டர்னில் ஏஐஎஸ் (வருமான வரித் துறை தரும் ஆண்டுத் தகவல் பட்டியல்) விவரம் மாறித் திருத்த வேண்டிவரலாம். ஆக ஆறு வாரம்தான். முதலில் ஓய்வூதியக்காரர்கள், ஆசிரியர்கள். மேற்குக் கடலில் விசைப்படகு மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கொளச்சல் பக்கத்துப் படகு உரிமையாளர்கள் கரையில் இருக்கும் காலம் அது. டீசல் பில், ஐஸ் பில், வலை பில் எல்லாவற்றையும் ஜூன் முதல் பாதியிலேயே உட்கார்ந்து வாங்கிவிடலாம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைத் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; அவர்களை மே மாதமே பாருங்கள். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர் ஊரில் இருக்கும் நாளிலேயே ஆதார் எண்ணோடு இணைந்த போனைச் சரிசெய்துவிடுங்கள்.

படி 8: வெள்ளிக்கிழமை அரை மணி நேரம்

ஜிஎஸ்டி நோட்டீஸ்கள் போர்ட்டலில் ஒரே இடத்தில் வருவதில்லை. வழக்கமான நோட்டீஸ் பகுதியோடு, 'அடிஷனல் நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்' என்ற பகுதியையும் ஒவ்வொருவருக்கும் திறந்து பார்க்க வேண்டும். ரிட்டர்னில் முரண்பாடு என்று விளக்கம் கேட்கும் ஏஎஸ்எம்டி-10 நோட்டீஸ் வந்தால் பதிலுக்குப் பொதுவாக 30 நாள். இருபத்தெட்டாம் நாள் கண்ணில் பட்டால் ஒரு வாரத் திட்டமும் போச்சு. மொத்தம் அறுபது வாடிக்கையாளர்கள் என்றால் அத்தனை பேரையும் ஒரே வெள்ளியில் பார்க்க முடியாது. வாரம் பதினைந்து பேர் வீதம் பிரித்து, பார்த்த தேதியை ஷீட்டின் கடைசிக் கட்டத்தில் எழுதுங்கள்.