இரண்டு இரவுப் பயணத்துக்கு ஊர் நடுவில், கட்டுப்படியாகும் ரூம் பிடிப்பது எப்படி?

ஒரு வாரம் தங்குவதாக இருந்தால் ஊருக்கு வெளியே மலிவாக அறை எடுத்து தினமும் வந்துபோகலாம், தப்பில்லை. இரண்டே இரவு என்றால் கணக்கு வேறு. போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்று பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தால் ஊரை எப்போது பார்ப்பது? அதனால் முதலில் இடம், அப்புறம்தான் அறை.

1. ரூம் தளத்துக்குப் போகும் முன் மேப்பைத் திறங்கள்

பார்க்க நினைக்கும் இடங்கள், வந்து இறங்கும் ஸ்டேஷன், திரும்பிக் கிளம்பும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். புள்ளிகள் எங்கே நெருக்கமாக விழுகின்றனவோ அதுதான் உங்களுக்கு ஊர் நடு. புக்கிங் தளம் 'நகர மையம்' என்று காட்டுவது ஏதோ ஒரு புள்ளி, அதற்கும் உங்கள் திட்டத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். டோக்கியோவில் அப்படி ஒரே மையம் என்று எதையும் சொல்ல முடியாது; ஷின்ஜுகு, ஷிபுயா, உவேனோ எல்லாம் யாமனோத்தே என்ற வட்ட ரயில் பாதையில் வருகின்றன, அதன் 30 ஸ்டேஷன்களில் ஏதாவது ஒன்றுக்குப் பக்கத்தில் தங்கினாலே பாதி வேலை முடிந்தது. பாரிஸில் விஷயம் இன்னும் சுலபம். அங்குள்ள 20 வட்டாரங்களின் எண்கள் நத்தை ஓடு மாதிரி நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே போகும், எண் சிறியதாக இருந்தால் நடுவுக்குப் பக்கம்.

2. நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளித் தேடுங்கள்

பிரபலமான சதுக்கத்தை ஜன்னலிலிருந்து பார்க்கும் அறைக்கு அந்தக் காட்சிக்கும் சேர்த்துத்தான் வாடகை. பதினைந்து நிமிட நடை, அல்லது மெட்ரோவில் இரண்டு மூன்று ஸ்டேஷன் தள்ளிப் பாருங்கள், வாடகை பெரும்பாலும் இறங்கும். ஆனால் ஸ்டேஷனிலிருந்து அறை வரை நடக்கும் தூரத்தை நீங்களே மேப்பில் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் விளம்பரத்தில் சொல்லும் தூரம் நேர்கோட்டுத் தூரமாக இருக்கலாம், நடுவே ஆறோ தண்டவாளமோ குறுக்கிட்டால் சுற்றித்தான் போகவேண்டும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் பார்த்துவிடுங்கள்.

3. மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்

ஆரம்பிக்கிறவர்கள் சறுக்குவது இங்கேதான். முதல் பக்கத்தில் தெரியும் விலையில் வரி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் சுற்றுலா வரி அறை வாடகையில் 12.5 சதவீதம், ரோமில் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குகிறார்கள். வீடாக எடுத்தால் சுத்தம் செய்யும் கட்டணம் வேறு. பத்து நாள் தங்கினால் அது பரவிவிடும், இரண்டு இரவுக்கு நன்றாகவே உறைக்கும். இதோடு போக்குவரத்தையும் கூட்டுங்கள்: இரண்டு பேர் ஒரு முறை போய்வர நான்கு டிக்கெட், மதியம் குளித்துவிட்டு மறுபடி கிளம்பினால் எட்டு, ராத்திரி நேரமானால் டாக்ஸி. இப்படிக் கூட்டிப் பார்த்தால் தூரத்து 'மலிவு' அறை பல நேரம் மலிவாகவே இருக்காது.

அலுவலகங்கள் நிறைந்த பகுதி ஹோட்டல்களில் சனி, ஞாயிறு வாடகை குறைவது வழக்கம், ஒரு கண் வையுங்கள். பயணிகள் தங்கும் ஹாஸ்டல் என்றதும் பலர் சேர்ந்து தங்கும் அறையில் அடுக்குக் கட்டில்தான் என்று ஒதுக்கவும் வேண்டாம், பலவற்றில் தனி அறையும் உண்டு. பாத்ரூம் பொதுவா என்று மட்டும் பாருங்கள்.

4. படத்தையும் ரிவ்யூவையும் சந்தேகத்தோடு பாருங்கள்

அறையின் பரப்பளவைத் தேடுங்கள். 10 சதுர மீட்டர் இரட்டைக் கட்டில் அறையில் இரண்டு பெட்டிகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்க இடமிருக்காது. எந்தப் படத்திலும் ஜன்னல் தெரியவில்லையா, ஜன்னலே இல்லாமலும் இருக்கலாம். ரிவ்யூவைப் புதியது முதலில் என்று வரிசைப்படுத்தி, ஐந்து நட்சத்திரத்தையும் ஒற்றை நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு நடுவில் இருப்பதைப் படியுங்கள். சத்தம், லிஃப்ட், வெந்நீர் என்று தேடினாலே போதும், விஷயம் வெளியே வந்துவிடும்.

5. பணம் கட்டுவதற்கு முன்

இலவசமாக கேன்சல் செய்யும் கடைசி நேரம் பெரும்பாலும் ஹோட்டல் இருக்கும் ஊர் நேரப்படிதான். வீடுகளை வாடகைக்குக் காட்டும் ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் புக் செய்யும் வரை உத்தேசமான இடத்தைத்தான் காட்டுவார்கள், அதனால் எந்தத் தெரு, பக்கத்தில் எந்த ஸ்டேஷன் என்று முன்பே கேட்டுவிடுங்கள். செக்-இன் பொதுவாக மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான். காலையிலேயே இறங்கினால் லக்கேஜை வாங்கி வைத்துக்கொள்வார்களா, நள்ளிரவில் வந்தால் கதவைத் திறக்க ஆள் உண்டா, இரண்டையும் ஒரே மெசேஜில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு புக் செய்யுங்கள்.