காம்பி பாய்லர் மாட்டும் முன்: தண்ணீர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டாப்காக்கை (வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் முதன்மை வால்வை) மூடாமல் பைப்பை அறுப்பது, குளிர்நீர் இணைப்பையும் வெந்நீர் இணைப்பையும் மாற்றி மாட்டுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை செய்த அன்றே காட்டிக்கொடுத்துவிடும், யாரும் இரண்டாம் முறை செய்ய மாட்டார்கள். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு ரகம். நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகள்தான். மாட்டிய அன்று எல்லாம் சரியாக இருக்கும். குளிர் வந்ததும் வீட்டுக்காரர் போன் செய்வார்.

அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் குழாயில் வரும் வெந்நீருக்கும் ஒரே பெட்டியாக இருப்பதுதான் காம்பி பாய்லர். அதில் வெந்நீர்ச் சேமிப்பு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. மேலே டேங்க் இல்லை, வெந்நீரைச் சேர்த்துவைக்கும் சிலிண்டர் இல்லை. தெரு லைனிலிருந்து வரும் தண்ணீர் உள்ளே இருக்கும் வெப்பமாற்றி வழியாக ஓடுகிற நேரத்திலேயே சூடாகி ஷவருக்குப் போகிறது. அதனால் தெரு லைன் கொடுக்காத தண்ணீரை எந்த பாய்லரும் கொடுக்காது. இதை எல்லோரும் தலையாட்டி ஒப்புக்கொள்வார்கள். அப்புறம் போய் கீழே உள்ளதைச் செய்வார்கள்.

## மூடிய குழாயில் அழுத்தம் பார்ப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். கேஜை (அழுத்தத்தை ‘பார்’ என்ற அலகில் காட்டும் மானியை) ஒரு குழாயில் மாட்டுவது, மற்ற எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது முள்ளைப் பார்ப்பது, “3 பார் இருக்கு, தாராளம்” என்று எழுதிக்கொள்வது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

தண்ணீர் நிற்கும்போது உராய்வு இழப்பு கிடையாது. பைப் எவ்வளவு ஒடுக்கமாக இருந்தாலும், உள்ளே துரு எவ்வளவு ஏறியிருந்தாலும், கேஜ் தெருவில் உள்ள அழுத்தத்தை அப்படியே காட்டும். யாரும் நடக்காத வாசல் குறுகலா அகலமா என்பது கூட்டம் வந்தால்தானே தெரியும்? குழாயைத் திறந்ததும் கதை மாறும். ஓட்டம் இரு மடங்கானால் அழுத்த இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். பைப்பின் உள்விட்டம் பாதியாகக் குறைந்தாலோ, அதே ஓட்டத்துக்கு இழப்பு சுமார் 32 மடங்கு. நின்றபோது 3 பார் காட்டிய லைன் ஓடும்போது 1 பாருக்கும் கீழே விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு வீட்டில் ஷவர் மெதுவாக வருகிறது என்று நன்றாக ஓடிக்கொண்டிருந்த 24 கிலோவாட் பாய்லரைக் கழற்றிவிட்டு 40 கிலோவாட் மாட்டியிருந்தார்கள். மாட்டியவர் மூடிய குழாயில் 4 பார் பார்த்துவிட்டு, “பிரஷர் பிரமாதம், பாய்லர்தான் சின்னது” என்று சொல்லியிருக்கிறார். பெரிய பாய்லர் வந்தும் ஷவர் அப்படியேதான் இருந்தது. அந்த வீட்டம்மா பாய்லர் கம்பெனியோடு சண்டை போட்டுக் களைத்துப்போன பிறகு என்னைக் கூப்பிட்டார். சமையலறைக் குளிர்நீர்க் குழாயை முழுக்கத் திறந்து அளவு ஜாடியைப் பிடித்தேன். நிமிடத்துக்கு 9 லிட்டர்தான் வந்தது.

கணக்கு எளிது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை எத்தனை டிகிரி சூடேற்ற வேண்டும் என்பதால் பெருக்கி, அதை 0.07-ஆல் பெருக்கினால் கிலோவாட் வரும். குளிர்காலத்தில் 5 டிகிரியில் வரும் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுபோக 35 டிகிரி ஏற்ற வேண்டும். 9 லிட்டருக்கு அது 22 கிலோவாட். கழற்றி எறிந்த பாய்லரே போதும்! 40 கிலோவாட் முழுதும் பயன்பட வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 16 லிட்டருக்கு மேல் வர வேண்டும். அந்த வீட்டில் தெருவிலிருந்து வந்த இரும்பு பைப்பைத் தோண்டி எடுத்துப் பார்த்தபோது, உள்ளே ஒரு விரல்கூட நுழையாத அளவுக்குத் துரு. பாய்லருக்கு ஒருமுறை, பைப்புக்கு ஒருமுறை என்று அவர்கள் இரண்டு செலவு செய்தார்கள். ஜாடியை முதலில் பிடித்திருந்தால் ஒன்றோடு போயிருக்கும்.

பெரிய பாய்லர் போட்டால் நஷ்டமில்லை என்றும் நினைக்க வேண்டாம். எவ்வளவு தணித்து எரித்தாலும் அது தரும் குறைந்தபட்ச கிலோவாட்டும் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். சிறிய வீட்டில், குளிர் குறைந்த நாட்களில் ரேடியேட்டர்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. பாய்லர் எரிவதும் அணைவதுமாக இருக்கும்.

சரி, எப்படி அளப்பது? தெரு லைனில் நேராக இருக்கும் குளிர்நீர்க் குழாய் ஒன்றை முழுக்கத் திறந்து, 1 லிட்டர் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 6 விநாடி என்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர். பிறகு ஒரு குழாயில் கேஜை மாட்டி, இன்னொன்றைத் திறந்து, ஓடும்போது முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஓடும்போது 1 பாருக்கு மேல் நின்றால் நிம்மதி. சரியான எண் அந்தந்த மாடலின் கையேட்டில் இருக்கும். இரண்டையும் ஊரே குளிக்கிற காலை நேரத்தில் செய்யுங்கள். மதியம் அளந்த எண் ஏமாற்றும்.

ஓட்டம் குறைவாக இருந்தால் முதலில் ஸ்டாப்காக் முழுதும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் லைனில் வலைவடிகட்டி இருந்தால் அது அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதிலேயே பாதி வீடுகள் தீர்ந்துவிடும். அப்படியும் சரியாகவில்லையென்றால் தெரு இணைப்பை 25 அல்லது 32 மி.மீ. பிளாஸ்டிக் பைப்பாக மாற்றலாம். நின்ற அழுத்தம் நன்றாக இருந்து ஓட்டம் மட்டும் குறைவென்றால் அழுத்தத்தோடு தண்ணீரைச் சேர்த்துவைக்கும் அக்யுமுலேட்டர் டேங்க் உதவும். இரண்டும் முடியாத வீட்டில், அல்லது இரண்டு ஷவர் ஒரே நேரத்தில் ஓடும் வீட்டில், காம்பியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிலிண்டர் இருந்தால் இருக்கட்டும்.

பாய்லர் விளம்பரத் தாளில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கையும் கவனியுங்கள். சிலர் 35 டிகிரி உயர்வுக்குப் போடுகிறார்கள், சிலர் 30-க்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

## ஷவரின் குளிர்நீரை மட்டும் பழைய டேங்கில் விடுவது

வெந்நீர் தெரு அழுத்தத்திலும் குளிர்நீர் டேங்க் உயரத்திலிருந்தும் வந்தால், இரண்டும் கலக்கும் மிக்ஸர் குழாயில் வெந்நீர் குளிர்நீரைத் தள்ளிவிடும். ஷவர் சுடும், அல்லது தண்ணீர் பின்னோக்கி ஏறி மேலே டேங்க் வழியும். இரண்டையும் ஒரே லைனிலிருந்து எடுங்கள்.

## ஷவர் பம்ப்

வேண்டாம். அது டேங்குக்கானது, பாய்லரின் வெந்நீர் லைனுக்கோ தெரு லைனுக்கோ அல்ல.

## பழைய ரேடியேட்டர் சுற்றில் புது பாய்லரை அப்படியே இணைப்பது

திறந்த டேங்கோடு ஓடிய சுற்று பெரிய அழுத்தம் பார்த்ததே இல்லை. காம்பிக்கு வந்ததும் ஆறியிருக்கும்போதே 1 முதல் 1.5 பார் வரை இருக்கும், சூடானால் இன்னும் ஏறும். 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறக்கும். பழைய இணைப்புகளில் ஒளிந்திருந்த கசிவெல்லாம் அப்போதுதான் தெரியும். தரைப்பலகையை மூடும் முன் அழுத்தம் ஏற்றிச் சோதியுங்கள்.

கருப்புச் சேறு இன்னொரு தலைவலி. ரேடியேட்டர் உள்ளே அரித்த இரும்பு அது. கழுவாமல் விட்டால் புது வெப்பமாற்றியின் மெல்லிய வழிகளில் போய்த்தான் உட்காரும். கழுவி, திரும்பும் பைப்பில் காந்த வடிகட்டி வைத்து, அரிப்புத் தடுப்பானை ஊற்றி முடியுங்கள்.

## நிரப்பும் குழாய்

ரேடியேட்டர் சுற்றுக்குத் தெரு லைனிலிருந்து தண்ணீர் ஏற்றுவதற்கு மாட்டும் குழாய் இது. நிரப்பியதும் இரு வால்வையும் மூடி, குழாயைக் கழற்றிவிடுங்கள்.

## தடித்த வெந்நீர் பைப்

15 மி.மீ. தாமிர பைப்பில் 10 மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பிடிக்கும், 22 மி.மீ. என்றால் மூன்றுக்கும் மேல். ஒவ்வொரு முறை குழாயைத் திறக்கும்போதும் அந்த ஆறிய தண்ணீர் வெளியேறிய பிறகுதான் வெந்நீர் வரும். தெரு லைனிலிருந்து பாய்லர் வரைதான் தடித்த பைப் வேண்டும்.

## கடின நீரை மறப்பது

சூடேற ஏற சுண்ணாம்பு பிரியும், 60 டிகிரிக்கு மேல் வேகமாக. அது படிவது வெப்பமாற்றியில். கடின நீர் வரும் வீட்டில் படிவுத் தடுப்பானோ மென்னீராக்கியோ வேண்டும். மென்னீரை ரேடியேட்டர் சுற்றில் நிரப்பலாமா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், அலுமினிய வெப்பமாற்றி உள்ள சில மாடல்களில் கூடாது. இந்தக் கருவிகளில் சில, தண்ணீரைத் திரும்ப விடாத வால்வோடு வரும். வால்வு வந்தால், சூடாகி விரியும் தண்ணீர் தெரு லைனுக்குள் திரும்பிப் போக முடியாது. குழாயை மூடியதும் அழுத்தம் எகிறும், இணைப்புகள் கசியத் தொடங்கும். வால்வுக்கும் பாய்லருக்கும் நடுவே குடிநீருக்கென்று செய்த சிறிய விரிவுக் கலம் ஒன்றை வைத்தால் போதும்.