'ஏபிள்', 'இங்', 'இக்': ஒரே ஓசையில் முடியும் ஆங்கிலப் பெயரடைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அலுவலகங்களில் தமிழர், தெலுங்கர், மலையாளி, கன்னடர் எல்லாரும் ஒரே மெயிலில் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்தான். அதில் ஒரு 'தி' விட்டுப்போனால் யாரும் கண்டுகொள்வதில்லை. பெயரடை மாறிப்போனால் கதை வேறு. வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே நிற்கும், ஸ்பெல் செக் சிவப்புக் கோடு போடாது, படிப்பவர் மட்டும் வேறொன்றைப் புரிந்துகொள்வார்.

தமிழில் 'ஆன' சேர்த்தால் பெரும்பாலான பெயர்ச்சொற்கள் பெயரடையாகிவிடும்: அழகான, சுகமான, கவனமான. ஆங்கில ஈறுகளையும் இதே கணக்கில் எடுத்துக்கொள்வதுதான் பல தவறுகளுக்கு வேர். யார் செய்கிறார், யாருக்கு நேர்கிறது என்பதை அங்கே பல இடங்களில் ஈறே சொல்லிவிடுகிறது.

வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் அடிக்கடி காணும் வரி: 'ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் பொசிஷன்'. எழுதியவர் சொல்ல வந்தது, இந்த வேலையில் எனக்கு ஆர்வம் உண்டு என்று. எழுதியிருப்பதோ, நான் வெகு சுவாரசியமான ஆள் என்று. 'ஐ ஆம் எக்ஸைட்டிங் டு ஜாயின்' என்பதும் இதே ரகம். 'இங்' ஒரு உணர்வை உண்டாக்குவதைக் குறிக்கும். 'எட்' அந்த உணர்வுக்கு ஆளானவரைக் குறிக்கும்.

இதைச் சோதிக்கத் தமிழிலேயே வழி இருக்கிறது. 'ஊட்டும்' பொருந்தினால் 'இங்', 'அடைந்த' பொருந்தினால் 'எட்'. எரிச்சலூட்டும் என்றால் அனாயிங், எரிச்சலடைந்த என்றால் அனாய்ட். சலிப்பூட்டும் கூட்டம் போரிங், சலிப்படைந்தவர் போர்ட். குழப்பும், குழம்பிய என்ற பிறவினை, தன்வினை வேறுபாடும் உதவும்: குழப்பும் மெயில் கன்ஃப்யூசிங், குழம்பிய ஆள் கன்ஃப்யூஸ்ட். சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசல் டயரிங். அதைக் கடந்து வீடு சேர்ந்தவர் டயர்ட். பேச்சில் கடைசி 'ட்' விழுங்கப்படுவதால் 'ஐ ஆம் கன்ஃப்யூஸ்' என்று எழுத்திலும் வந்துவிடுகிறது. அந்த ஒற்றெழுத்தை வாய்விட்டு உச்சரித்துப் பழகினாலே எழுத்தில் பாதி சரியாகிவிடும். பின்னால் வரும் சொல்லையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்: இன்ட்ரஸ்டட் இன், எக்ஸைட்டட் அபவுட், போர்ட் வித்.

அடுத்தது 'ஏபிள்'. இங்கேதான் சேதம் அதிகம். 'மை மேனேஜர் இஸ் வெரி அண்டர்ஸ்டாண்டபிள்' என்றால், அவர் பேசுவது புரிகிறது என்றுதான் பொருள். நம் கஷ்டத்தைப் புரிந்துகொள்பவர் என்று சொல்ல 'அண்டர்ஸ்டாண்டிங்' வேண்டும். பெரும்பாலான 'ஏபிள்' சொற்களில் செயல் அந்தப் பொருளின் மேல் நடக்கிறது. வாஷபிள் என்றால் துவைக்கப்படக்கூடியது, ரீஃபண்டபிள் என்றால் திருப்பித் தரப்படக்கூடியது. ஆகவே 'படக்கூடிய' போட்டுப் பாருங்கள். மேனேஜர் புரிந்துகொள்ளப்படக்கூடியவரா, புரிந்துகொள்பவரா? விடை அங்கேயே கிடைத்துவிடும். 'பி ரெஸ்பெக்டபிள் டு எல்டர்ஸ்' என்பதும் இப்படியே உடையும். மதிக்கத்தக்கவர் ரெஸ்பெக்டபிள், மதிப்பவர் ரெஸ்பெக்ட்ஃபுல்.

இந்தச் சோதனைக்கு அடங்காதவையும் உண்டு. நாலெட்ஜபிள் விஷயம் தெரிந்தவர், சோஷபிள் கலகலப்பாகப் பழகுபவர். 'கன்சிடரபிள்' இன்று பெரும்பாலும் 'கணிசமான' என்ற பொருளில்தான் வழங்குகிறது. பிறரை நினைத்துப் பார்த்து நடப்பவருக்குக் 'கன்சிடரட்' என்பதே சொல். 'இபிள்' என்று முடிபவற்றில் ஐ.டி. ஆட்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: 'சென்சிபிள் டேட்டா' என்று எதுவும் கிடையாது. சென்சிபிள் என்றால் விவரமான, நிதானமான. வெளியே கசியக்கூடாத தகவல் 'சென்சிடிவ் டேட்டா'.

முன்னால் 'இன்' சேர்ந்தால் எதிர்மறை என்று எடுத்துக்கொள்வது இன்னொரு பள்ளம். விடைபெறும் மெயிலில் 'யுவர் சப்போர்ட் வாஸ் இன்வேல்யுவபிள்' என்று வந்தால் மனம் நோக வேண்டாம், பாராட்டித்தான் எழுதியிருக்கிறார். மதிப்பிட்டுச் சொல்ல முடியாத அளவு உயர்ந்தது என்று பொருள். மதிப்பே இல்லாததற்கு 'வேல்யூலெஸ்' அல்லது 'வொர்த்லெஸ்'. ஆனால் 'ப்ரைஸ்லெஸ்' மறுபடியும் விலைமதிப்பற்றது. 'லெஸ்' என்ற ஈற்றை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் கவிழ்ந்துவிடும்.

இதில் உயிரோடு விளையாடும் சொல் 'இன்ஃப்ளேமபிள்'. பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்புறம் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருந்தால் எளிதில் தீப்பிடிக்கும் என்று பொருள், தீப்பிடிக்காது என்றல்ல. 'தீ மூட்டு' என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. அந்த 'இன்' மறுப்பு கிடையாது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே இதில் குழம்பியதால், 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 'ஃப்ளேமபிள்' என்ற வடிவத்தை வலியுறுத்தத் தொடங்கியது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. தீப்பற்றாததற்கு 'நான்-ஃப்ளேமபிள்'. தின்னர், பெயின்ட் டப்பாக்களைக் கையாளுபவர்களுக்கு லேபிள் எழுதினால் 'ஃப்ளேமபிள்' என்று எழுதுவதே பாதுகாப்பு.

உச்சரிப்பையும் இங்கேயே முடித்துவிடலாம். கம்ஃபர்டேபிள் என்று மேஜையின் 'டேபிள்' போலச் சொல்வது நம்மவர் வழக்கம். ஈற்றில் வரும்போது அந்த 'ஏ' குறுகி 'அ' போல ஒலிக்கும். அழுத்தம் முதல் அசையில் விழுந்து, மொத்தம் மூன்றே அசையில் முடியும்: கம்ஃப்-ட-பிள். பெயர்ச்சொல்லான வெஜிடபிளுக்கும் இதுவே. 'ஏட்' என்று முடியும் சொற்களில் இது இன்னும் முக்கியம். பெயரடையில் குறில், வினையில் நெடில். தனித்தனியான என்றால் செப்பரட், பிரி என்றால் செப்பரேட். மிதமான என்றால் மாடரட், கூட்டத்தை நெறிப்படுத்து என்றால் மாடரேட். எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான்.

'இக்', 'இகல்' ஜோடிகளுக்குப் பொது விதி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஜோடி ஜோடியாகத்தான் கற்க வேண்டும். எகனாமிக் என்றால் பொருளாதாரம் சார்ந்தது, எகனாமிக்கல் என்றால் சிக்கனமானது. பட்ஜெட்டுக்கு முன் வருவது எகனாமிக் சர்வே. டாக்ஸியை விட்டு மெட்ரோவில் போவது எகனாமிக்கல். 'எகனாமிக்கல் க்ரோத்' தவறு. ஹிஸ்டாரிக் என்பது வரலாற்றில் நிலைத்த சிறப்புடையது, ஹிஸ்டாரிக்கல் என்பது கடந்தகாலம் சம்பந்தப்பட்ட எதுவும். தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்த கோலார் தங்கவயலுக்கு 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது ஹிஸ்டாரிக் நிகழ்வு. அந்தக் காலத்துக் கணக்குப் புத்தகம் ஒன்று கிடைத்தால் அது ஹிஸ்டாரிக்கல் ஆவணம். எலக்ட்ரிக் என்பது மின்சாரத்தில் ஓடும் குறிப்பிட்ட பொருளுக்கு: ஸ்கூட்டர், கெட்டில். துறைக்கும் பொதுவானவற்றுக்கும் எலக்ட்ரிகல்: என்ஜினியர், ஃபால்ட், பெங்களூரு எஸ்.பி. ரோட்டின் மின்பொருள் கடைகள். வினையடையாக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. இரண்டுமே 'இகலி' என்றாகும், எகனாமிக்கலி, ஹிஸ்டாரிக்கலி என்று. 'பப்ளிக்லி' முக்கியமான விதிவிலக்கு.

'ஃபுல்', 'லெஸ்' சொற்களில் இரண்டு மட்டும் சொன்னால் போதும். பிரியாணி 'டேஸ்ட்ஃபுல்' ஆகாது, 'டேஸ்டி' தான். டேஸ்ட்ஃபுல் என்பது ரசனையோடு அமைந்த வீட்டு அலங்காரத்துக்கும் உடைக்கும். உதவி செய்யாத கவுன்டர் ஊழியர் 'ஹெல்ப்லெஸ்' அல்ல, 'அன்ஹெல்ப்ஃபுல்'. ஹெல்ப்லெஸ் என்றால் கதியற்றவர். வரிசையில் நிற்கும் நாம்தான் அது.

ஓசை அப்படியே ஒட்டும் ஜோடி எமினன்ட், இமினன்ட். விஸ்வேஸ்வரய்யா எமினன்ட் என்ஜினியர், அதாவது புகழ்பெற்றவர். இதோ கொட்டப்போகும் மழை இமினன்ட். அறிமுக உரையில் இதை மாற்றிச் சொன்னால் மேடையில் இருப்பவர் நெளிவார்.

கடைசியாக 'லி'. அந்த ஈறு இருந்தாலே வினையடை என்று நினைக்கக் கூடாது. ஃப்ரெண்ட்லி, காஸ்ட்லி, டைம்லி, ஹோம்லி எல்லாம் பெயரடைகள். 'ஷி ஸ்போக் ஃப்ரெண்ட்லி' செல்லாது. 'இன் எ ஃப்ரெண்ட்லி வே' என்று சுற்றித்தான் சொல்ல வேண்டும். பி.ஜி. விடுதிப் போர்டுகளில் வரும் 'ஹோம்லி ஃபுட்' இந்திய வழக்கில் பிழையில்லை, வீட்டுச் சாப்பாடு என்று எல்லாருக்கும் புரியும். ஆனால் அமெரிக்க வாடிக்கையாளரிடம் ஒரு பெண்ணை 'ஹோம்லி' என்று புகழ்ந்தால், அழகில்லாதவர் என்று சொன்னதாகிவிடும்.

'ப்ளீஸ் ரிப்ளை டைம்லி' என்பதையும் விட்டுவிடுங்கள். 'இன் எ டைம்லி மேனர்' என்று திருத்தலாம்தான், ஆனால் அதிலும் கெடு என்றைக்கு என்று தெரியாது. 'ப்ளீஸ் ரிப்ளை பை 5 பி.எம். ஃப்ரைடே' என்று நேரத்தைப் போட்டுவிட்டால் பெயரடையே தேவைப்படாது.