கோட்டை விடாத ரோபோ: துகள்கூட்ட உகப்பாக்கம், படிப்படியாக

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகள் சிலர் ரோபோ செய்யக் கூடுவார்கள். மாஜோங் தாள் நான்கை ஒட்டித் தரையில் விரிப்போம். அதன்மேல் கறுப்பு வயரிங் டேப்பால் வளைந்து வளைந்து ஒரு பாதை போடுவோம். இரண்டு சக்கர ரோபோ அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே ஓட வேண்டும். ரோபோவைப் பொருத்துவது ஒரு மாலை வேலைதான். அதை ஒழுங்காக ஓடவைக்கும் எண்களைக் கண்டுபிடிப்பதுதான் மூன்று வாரம் இழுக்கும். எண்ணைக் கூட்டினால் பாம்பு போல நெளியும். குறைத்தால் வளைவில் கோட்டை விட்டுவிட்டு அலமாரிக்கு அடியில் போய் முட்டி நிற்கும்.

அந்த எண்களை ரோபோவே தேடிக்கொள்ளும்படி செய்யலாம். அதற்கு உதவும் ஒரு தேடும் முறைக்குத் துகள்கூட்ட உகப்பாக்கம் (particle swarm optimization) என்று பெயர். பெயர்தான் பயமுறுத்தும், கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில், எந்த எண்களைத் தேடுகிறோம்?

ரோபோவின் மூக்குப் பக்கம் தரையைப் பார்த்தபடி ஐந்து அகச்சிவப்பு சென்சார்கள் இருக்கின்றன. இடமிருந்து வலமாக அவற்றுக்கு −2, −1, 0, 1, 2 என்று எண் கொடுங்கள். கறுப்பைப் பார்க்கும் சென்சார்களின் எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் அதுதான் விலகல். நடுச் சென்சார் மட்டும் கறுப்பைப் பார்த்தால் விலகல் 0. வலது ஓரத்து இரண்டும் பார்த்தால் 1.5, அதாவது கோடு நன்றாக வலப்பக்கம் போய்விட்டது, ரோபோ வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

எவ்வளவு திரும்ப வேண்டும்? நிக்கோலாஸ் மினோர்ஸ்கி 1922இல் கப்பலைத் தானாகச் செலுத்துவது பற்றி எழுதிய கட்டுரையில் இதற்கு விடை இருக்கிறது. கைதேர்ந்த சுக்கான்காரர், கப்பல் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. அந்த விலகல் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் பார்க்கிறார். அதனால்தான் கப்பல் நேர்த்திசைக்கு வந்து சேருமுன்பே சுக்கானைத் திருப்பி எடுக்கத் தொடங்கிவிடுகிறார். இல்லாவிட்டால் கப்பல் மறுபக்கம் தாண்டிப் போய்விடும். பட்டர்வொர்த் ஃபெரியில் போகிறவர்கள், அது துறையை நெருங்கும்போது இதைக் கவனித்துப் பாருங்கள்.

நம் ரோபோவுக்கும் அதே கணக்குதான்:

திருத்தம் = திருப்பு எண் × விலகல் + அடக்கு எண் × (இப்போதைய விலகல் − முந்தைய விலகல்)

இந்தத் திருத்தத்தை இடச் சக்கர வேகத்தோடு கூட்டி, வலச் சக்கர வேகத்திலிருந்து கழித்தால் ரோபோ வலப்பக்கம் திரும்பும். திருத்தம் குறை எண்ணாக வந்தால் தானாகவே இடப்பக்கம் திரும்பிவிடும். பாடப்புத்தகத்தில் இது பிஐடி கட்டுப்பாடு என்ற பெயரில் வரும். அதில் விலகல்களை எல்லாம் கூட்டிக்கொண்டே வரும் இன்னோர் உறுப்பும் உண்டு. அதைக் கோடு பிடிக்கும் ரோபோவுக்கு நான் சேர்ப்பதில்லை, இல்லாமலே நன்றாக ஓடுகிறது.

ஆக, தேட வேண்டியவை மூன்று: திருப்பு எண், அடக்கு எண், அடிப்படை வேகம் (திருத்தம் சேருமுன் இரண்டு சக்கரத்துக்கும் பொதுவான வேகம்). என் ரோபோவில் முறையே 0 முதல் 50, 0 முதல் 300, 0 முதல் 200 என்று எல்லை வைத்திருக்கிறேன். சென்சாரை 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை படிக்கிறேன். உங்கள் மோட்டாருக்கு இந்த எல்லைகள் மாறும்.

துரியான் தோப்பில் இருட்டு நேரம்

ஜேம்ஸ் கென்னடி ஒரு சமூக உளவியலாளர், ரஸ்ஸல் எபர்ஹார்ட் ஒரு மின்பொறியாளர். பறவைக் கூட்டம் சேர்ந்து பறப்பதைக் கணினியில் போலச்செய்யப் போய், 1995இல் இருவரும் இந்த முறையை வெளியிட்டார்கள். எனக்குப் பறவையைவிடத் துரியான்தான் சொல்லிக்கொடுக்க வசதி.

பாலிக் பூலாவில் ஒரு மலைச்சரிவுத் தோப்பு. விடியவில்லை, டார்ச் லைட்டும் இல்லை. பத்துப் பேர் ஆளுக்கொரு மூலையில் நிற்கிறார்கள். பழம் எங்கே விழுந்து கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் மூக்கு இருக்கிறது. ஒவ்வொருவரும் நடந்தபடியே, தனக்கு வாசம் எங்கே தூக்கலாக அடித்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்கிறார். இதுவரை எல்லோரையும்விட அதிக வாசம் பிடித்தவர் குரல் கொடுக்கிறார்: "இங்க பலமா அடிக்குதுப்பா!" அடுத்த அடி எடுத்து வைக்கும்போது ஒவ்வொருவரையும் மூன்று விஷயங்கள் இழுக்கின்றன. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த திசை ஒன்று. தன் நினைவில் இருக்கும் நல்ல இடம் இன்னொன்று. குரல் வந்த இடம் மூன்றாவது.

அல்கோரிதம் முழுவதும் இவ்வளவுதான். ஒவ்வொரு ஆளும் ஒரு துகள். அவர் நிற்கும் இடம் என்பது நம் மூன்று எண்களின் ஒரு தொகுப்பு. அந்த எண்களோடு ரோபோவை ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பதுதான் வாசம் பிடிப்பது.

ஒரு துகளின் ஒரு அடி, காகிதத்தில்

நிரல் எழுதுமுன் இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிள்ளைகளிடம் நான் இதைக் கட்டாயப்படுத்துகிறேன். காகிதத்தில் போட்டவர்களுக்குப் பிறகு எந்த வரியிலும் சிக்கல் வருவதில்லை.

திருப்பு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். துகள் இப்போது 20இல் நிற்கிறது. போன அடியின் வேகம் 2, அதாவது போன அடியில் துகள் 2 நகர்ந்தது (இது ரோபோவின் வேகம் அல்ல). இதுவரை தனக்குக் கிடைத்த நல்ல இடம் 26. கூட்டத்துக்குக் கிடைத்த நல்ல இடம் 32. பழைய வேகத்தில் எவ்வளவு மிச்சம் வைப்பது என்பதற்கு 0.7 என்றும், இரண்டு இழுப்புகளின் பலத்துக்கு 1.5 என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு இழுப்பையும் 0க்கும் 1க்கும் இடையிலான ஒரு குருட்டு எண்ணால், அதாவது பகடை போட்டது போலக் கண்டபடி விழும் எண்ணால், பெருக்க வேண்டும். இந்த முறை 0.4, 0.6 விழுந்திருக்கிறது.

பழைய வேகம்: 0.7 × 2 = 1.4
தன் நினைவு: 1.5 × 0.4 × (26 − 20) = 3.6
கூட்டத்தின் குரல்: 1.5 × 0.6 × (32 − 20) = 10.8
புதிய வேகம்: 15.8

அப்படியே கூட்டினால் துகள் 35.8க்குப் போகும், 32ஐத் தாண்டி. தாண்டுவது தப்பில்லை, நல்ல இடத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் நல்ல இடம் இருக்கலாம். ஆனால் வேகம் எகிறிக்கொண்டே போகாமல் இருக்க ஒரு வரம்பு வேண்டும். எல்லையின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைப்பது என் வழக்கம். அகலம் 50, எனவே வரம்பு 10. வேகம் 15.8 வந்தாலும் 10 என்று நறுக்கிவிடுகிறோம். புதிய இடம் 30.

குருட்டு எண் எதற்கு என்று கேட்பீர்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு துகளும் ஒரே மாதிரி இழுபட்டு, தேடாத மூலைகள் அப்படியே விட்டுப்போகும்.

அபராதப் புள்ளி: நேரம் எல்லாம் இங்கே செலவழியுங்கள்

வாசத்தை எப்படி அளப்பது? இங்கேதான் நான் முதலில் தவறு செய்தேன். ஓட்டம் முழுவதும் விலகலின் அளவைக் கூட்டி, அதுவே அபராதம், குறைந்தால் நல்லது என்று வைத்தேன். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? ஏழாவது சுற்றில் (எல்லாத் துகளும் ஆளுக்கொருமுறை ஓடினால் ஒரு சுற்று) ரோபோ கோட்டின் நடுவில் அசையாமல் நின்றது. "சார், பேட்டரி போயிடுச்சா?" என்று ஒரு மாணவி மல்டிமீட்டரை எடுத்து வந்தாள். பேட்டரியில் 7.9 வோல்ட் இருந்தது. அடிப்படை வேகத்தைப் பூச்சியம் ஆக்கினால் விலகலும் பூச்சியம் என்று கூட்டம் கண்டுபிடித்திருந்தது. நான் கேட்டதைத்தான் அது கொடுத்தது. ஓட வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு அபராதத்தை இப்படி மாற்றினோம்:

அபராதம் = ஓட்ட நேரம் (விநாடி) + 4 × சராசரி விலகல் (குறைக் குறியை விட்டுவிட்டு)

15 விநாடிக்குள் ஓட்டம் முடியாவிட்டாலோ, ஐந்து சென்சாரும் அரை விநாடிக்கு மேல் வெள்ளையையே பார்த்தாலோ, ஓட்டத்தை நிறுத்தி அபராதம் 40. ஓட்டம் முடிந்தது என்று எப்படித் தெரியும்? தொடங்கும் இடத்தில் டேப்பைக் குறுக்கே ஒட்டுங்கள். ஐந்து சென்சாரும் ஒன்றாகக் கறுப்பைப் பார்த்தால் ஒரு ஓட்டம் முடிந்தது.

8.2 விநாடியில் நெளிந்து நெளிந்து ஓடி, சராசரி விலகல் 0.9 வாங்கிய ரோபோவுக்கு 11.8. நிதானமாக 9.0 விநாடியில் ஓடி 0.3 வாங்கியதற்கு 10.2. இரண்டாவதுதான் ஜெயிக்கிறது. அந்த 4 என்பது முழுக்க முழுக்க உங்கள் முடிவு. போட்டியில் நேரம் மட்டும்தான் முக்கியம் என்றால் அதை 1 ஆக்குங்கள். ரோபோவின் முதுகில் தண்ணீர்க் கோப்பை வைக்கப் போகிறீர்கள் என்றால் 10 ஆக்குங்கள். அல்கோரிதத்தை எந்த நூலகத்திலிருந்தும் இறக்கிக்கொள்ளலாம். இந்த ஒரு வரியை உங்களைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது.

இப்போது நிரல்

ரோபோவின் மூளையாக இருக்கும் சின்னப் பலகையான ஆர்டுயினோ நானோவிலேயே எல்லாம் அடங்கும். பத்துத் துகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று எண். ஒவ்வொரு எண்ணுக்கும் இடம், வேகம், நினைவு என மூன்று மதிப்பு. மொத்தம் 90 தசம எண்கள், எண்ணுக்கு 4 பைட் வீதம் 360 பைட். நானோவில் 2 கிலோபைட் ராம் இருக்கிறது, தாராளம்.

தொடக்கம்: பத்துத் துகளையும் எல்லைக்குள் கண்டபடி சிதறவிடு. வேகம் எல்லாம் 0. நினைவில் இருக்கும் அபராதம் எல்லாம் 1000.

12 சுற்றுக்கு இதைச் செய்:
— ஒவ்வொரு துகளுக்கும்: அதன் மூன்று எண்களோடு ரோபோவை ஒரு ஓட்டம் விடு, அபராதத்தைக் கணக்கிடு.
— அபராதம் அதன் நினைவைவிடக் குறைவா? இடத்தையும் அபராதத்தையும் நினைவில் மாற்று.
— கூட்டத்தின் சிறந்ததைவிடக் குறைவா? அதையும் மாற்று.
— பத்தும் ஓடி முடிந்த பின், ஒவ்வொரு துகளின் ஒவ்வொரு எண்ணுக்கும் காகிதத்தில் போட்ட கணக்கைப் போட்டு நகர்த்து. எல்லையைத் தாண்டினால் எல்லையிலேயே நிறுத்தி வேகத்தை 0 ஆக்கு.

குருட்டு எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆர்டுயினோ ஒவ்வொரு முறை இயங்கும்போதும் அதே வரிசையில்தான் குருட்டு எண்களைத் தரும். எதனுடனும் இணைக்காத ஒரு அனலாக் பின்னைப் படித்து, அந்த மதிப்பை விதையாக, அதாவது வரிசையின் தொடக்க எண்ணாகக் கொடுத்தால் வரிசை மாறும்.

பழைய வேகத்தில் மிச்சம் வைக்கும் பெருக்கெண்ணை (நம் கணக்கில் 0.7) 1998இல் யூஹுயி ஷியும் எபர்ஹார்ட்டும் சேர்த்தார்கள். அதை முதல் சுற்றில் 0.9 என்று வைத்து, கடைசிச் சுற்றில் 0.4 ஆகும்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது பரவலான வழக்கம். முதலில் தோப்பு முழுக்க அலைய வேண்டும், கடைசியில் ஒரு மரத்தடியில் குனிந்து தேட வேண்டும். எல்லாத் துகளும் மூன்றாவது சுற்றிலேயே ஒரே இடத்தில் குவிந்துவிட்டால் கூட்டத்தின் குரலுக்கு இருக்கும் 1.5ஐ 1.2 ஆக்கிப் பாருங்கள்.

தரையில் ஓடவிடும்போது

பத்துத் துகள், 12 சுற்று என்றால் 120 ஓட்டம். ஆரம்பச் சுற்றுகளில் ரோபோ அடிக்கடி கோட்டை விடும், தூக்கி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. நான்காவது, ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு நீங்கள் கை வைக்கவே வேண்டாம். பிள்ளைகள் சத்தம் போடாமல் தரையில் உட்கார்ந்து பார்க்கும் நேரம் அது. முன்பு வளைவில் தடுமாறிய அதே ரோபோ அந்த வளைவை வழித்துக்கொண்டு போவதை ஐந்தாறு முறை பார்த்த பிறகும் எனக்கு அலுக்கவில்லை.

பேட்டரியைக் கவனியுங்கள். இரண்டு லித்தியம் செல்லைத் தொடராக இணைத்தால் முழுச் சார்ஜில் 8.4 வோல்ட். ஓட ஓட இது இறங்கும், மோட்டார் மந்தமாகும், அதே எண்களுக்கு அபராதம் கூடும். அப்போது முதல் சுற்றில் புது பேட்டரியோடு ஓடிய ஒரு துகள், யாராலும் முறியடிக்க முடியாத சாதனையோடு உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் தன் பக்கம் இழுக்கும். அதனால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கூட்டத்தின் சிறந்த எண்களை இன்னொரு முறை ஓடவிட்டு, புதிய அபராதத்தைப் பதியுங்கள். சுற்றுக்கு ஒரு ஓட்டம் கூடுதல். அந்தச் செலவு தகும். சுற்று முடிந்ததும் எல்லா எண்களையும் ஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) எழுதிவிடுங்கள். பேட்டரி மாற்ற அணைத்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

சன்னல் வழியாகப் பிற்பகல் வெயில் தாளில் விழுந்தால் அகச்சிவப்பு சென்சார் ஏமாந்துபோகும். திரையை இழுத்துவிடுங்கள், அல்லது விளக்கு வைத்த பிறகு ஓடவிடுங்கள். அப்புறம், மழை நாளில் மாஜோங் தாள் ஓரம் சுருளும். நான்கு பக்கமும் டேப் போட்டுத் தரையோடு ஒட்டுவது நல்லது.

இரண்டே எண்கள்தான் தேட வேண்டும் என்றால் இதெல்லாம் வேண்டாம், கையாலேயே ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். மூன்று, நான்கு என்று போகும்போதுதான் கூட்டத்துக்கு மதிப்பு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெற்றோர் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: சர்க்யூட் பலகையில் நூற்றுக்கணக்கான உறுப்புகளை வைக்கும் இயந்திரம் எதை முதலில், எதை அடுத்து எடுத்தால் கை குறைவாக அலையும் என்பதும் இதே வகைக் கேள்விதான். ஆனால் அங்கே தேடுவது எண்ணை அல்ல, வரிசையை. அதற்கு மார்க்கோ டோரிகோ 1992இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் முன்வைத்த எறும்புக் கூட்ட முறை இன்னும் பொருந்தும்.

கடைசியாக ஒன்று செய்யுங்கள். கிடைத்த எண்களோடு ரோபோவை அதே பாதையில் எதிர்த்திசையில் ஓடவிடுங்கள். எங்கள் பாதையில் கூர்மையான வளைவுகள் எல்லாம் இடப்பக்கமே இருந்தன. எதிர்த்திசையில் ஓடவிட்டதும் அபராதம் 10இலிருந்து 14க்குத் தாவியது. இப்போது ஒவ்வொரு துகளையும் இரு திசையிலும் ஓடவிட்டு, இரண்டில் மோசமான அபராதத்தைத்தான் கணக்கில் எடுக்கிறோம். நேரம் இரட்டிப்பாகிறது. ஆனால் அடுத்த சனிக்கிழமை டேப்பைப் பிய்த்துப் புதுப் பாதை போட்டபோது, எந்த எண்ணையும் தொடாமலே ரோபோ கடைசி வரை ஓடியது.