கடைசிக்காலத் தீர்க்கதரிசனங்களை வாசிக்கும் முறை

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைப் படிக்க விரும்புகிறவர் முதலில் செய்யவேண்டியது, கைபேசியில் வந்து குவிந்திருக்கும் விளக்கக் காணொளிகளை மூடிவைத்துவிட்டு, அதன் 22 அதிகாரங்களையும் ஒரே அமர்வில் சத்தமாக வாசிப்பதுதான். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். முதல் அதிகாரத்தின் மூன்றாம் வசனம் ‘வாசிக்கிறவனும்’ என்று ஒருமையிலும் ‘கேட்கிறவர்களும்’ என்று பன்மையிலும் பேசுவதைக் கவனியுங்கள். சபை கூடியிருக்க, ஒருவர் எழுந்து வாசிக்க, மற்றவர்கள் காதால் கேட்ட புத்தகம் இது. அப்படி முழுவதுமாகக் கேட்டால், மிருகத்தையும் வலுசர்ப்பத்தையும்விட, சிங்காசனமும் ஆட்டுக்குட்டியானவரும் பரலோகத்தின் பாட்டுகளும்தான் மனதில் தங்கும்.

அடுத்து, இது முதலில் யார் கையில் கிடைத்தது என்று கேட்கவேண்டும். பத்மு தீவிலிருந்த யோவான், ரோமப் பேரரசின் ஆசியா மாகாணத்திலிருந்த ஏழு சபைகளுக்கு இதை அனுப்பினார். அந்த ஊர்கள் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருக்கின்றன. அவற்றில் லவோதிக்கேயாவை மட்டும் சற்று அருகில் சென்று பார்ப்போம். ‘நீ குளிருமல்ல அனலுமல்ல’ என்ற வசனத்தை நாம் ஆவிக்குரிய உற்சாகத்தின் அளவாகவே பிரசங்கித்துப் பழகிவிட்டோம். அனல் என்றால் பக்தி வைராக்கியம், குளிர் என்றால் அவிசுவாசம் என்று சொல்லுகிறோம். அப்படியானால் ‘குளிராயாவது’ இருந்தால் நலம் என்று ஆண்டவர் ஏன் சொல்லவேண்டும்? லவோதிக்கேயாவுக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் எராப்போலியின் வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. மற்றொரு பக்கத்தில் இருந்த கொலோசெயில் குளிர்ந்த நீர் ஓடியது. லவோதிக்கேயாவுக்கோ தண்ணீர் வெளியிலிருந்து குழாய் வழியாக வந்தது; உட்புறம் சுண்ணாம்பு படிந்த அந்தக் கற்குழாய்கள் இன்றும் அங்கே கிடக்கின்றன. வெந்நீர் உடல்வலிக்கு உதவும், குளிர்ந்த நீர் தாகத்துக்கு உதவும், வெதுவெதுப்பான நீரோ குமட்டும். இந்தப் பின்னணியில்தான் வசனத்தைப் புரிந்துகொள்ளவேண்டும் என்று பல வேத ஆய்வாளர்கள் சொல்லுகிறார்கள். கி.பி. 60-ஆம் ஆண்டு வாக்கில் பூகம்பத்தில் இடிந்த அந்த ஊர், ரோம அரசின் உதவி இல்லாமலே தன்னைக் கட்டியெழுப்பிக்கொண்டது என்பதை அறிந்தவர்களுக்கு, ‘எனக்கு ஒரு குறைவுமில்லை’ என்ற அதன் பெருமைப்பேச்சு எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கும். ஒரு புத்தகம் யாருக்கு எழுதப்பட்டதோ அவர்களுக்கு எந்தப் பொருளும் தந்திருக்க முடியாத ஒரு விளக்கத்தை, எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், நான் ஏற்றுக்கொள்வதில்லை.

அடையாளங்களுக்கான அகராதி செய்தித்தாள் அல்ல, பழைய ஏற்பாடுதான். வெளிப்படுத்தலின் 404 வசனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தானியேல், எசேக்கியேல், ஏசாயா, சகரியா, சங்கீதம், யாத்திராகமம் ஆகியவற்றின் சொல்லையோ காட்சியையோ எதிரொலிக்கின்றன. ஆகவே ஓர் அடையாளத்தைக் கண்டதும் ஒத்துவாக்கியங்களைத் தேடிப் புரட்டுங்கள். சூரியன் இருண்டுபோகும், நட்சத்திரங்கள் ஒளி கொடாது என்று ஏசாயா 13-ஆம் அதிகாரம் சொல்லும்போது, அது பேசுவது பாபிலோனின் வீழ்ச்சியைப் பற்றி. அதே அதிகாரம் மேதியரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒரு பேரரசு கவிழ்வதை வானமே கவிழ்வதாகப் பாடுவது தீர்க்கதரிசிகளின் மொழி. இதை அறிந்தவர் மத்தேயு 24-ஐ வாசிக்கும்போது அவசரப்படமாட்டார்.

அந்த அதிகாரத்தில் சீஷர்கள் கேட்ட கேள்வி, ஆலயத்தின் கற்கள் இடிக்கப்படுவதையும் இயேசுவின் வருகையையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்ட கேள்வி. ஆலயம் கி.பி. 70-இல் ரோமத் தளபதி தீத்துவின் படையால் இடிக்கப்பட்டது. எந்த வசனம் அந்த அழிவைப் பற்றியது, எந்த வசனம் இனி வரப்போகும் நாளைப் பற்றியது என்று பிரிப்பதில் கர்த்தரை நேசிக்கும் அறிஞர்களே வேறுபடுகிறார்கள் என்பதால், பென்சிலால் கோடு போட்டுப் படியுங்கள், பேனாவால் வேண்டாம். அத்திமர உவமையை மட்டும் ஒருமுறை லூக்கா 21-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அத்திமரம் இஸ்ரவேல், அது துளிர்த்தது இஸ்ரவேல் நாடு உருவான 1948, ஒரு சந்ததி 40 ஆண்டு, ஆகவே 1988 என்ற கணக்கைப் பலர் நம்பினார்கள். லூக்காவோ ‘அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்’ என்று எழுதியிருக்கிறார். துளிர் விட்டால் வசந்தகாலம் சமீபம் என்பதுதான் உவமை. மரத்தின் பெயரில் ஆண்டுக்கணக்கு ஒளிந்திருக்கவில்லை.

கணக்குப்போட்டவர்களின் வரலாற்றையும் தெரிந்துகொள்வது நல்லது. நியூயார்க் மாநிலத்து விவசாயியும் பாப்டிஸ்ட் பிரசங்கியுமான வில்லியம் மில்லர், தானியேல் 8:14-இன் 2300 நாட்களை ஆண்டுகளாக எடுத்து, கி.மு. 457-இலிருந்து எண்ணி, கிறிஸ்துவின் வருகை 1843-இல் அல்லது அதையொட்டி நிகழும் என்றார். அந்தக் காலம் கடந்ததும் அவருடைய இயக்கம் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தது. சிலர் விளைந்த பயிரை அறுவடை செய்யாமலே வயலில் விட்டுக் காத்திருந்தார்கள். அவர்கள் போலி பக்தர்கள் அல்லர். வேதத்தை உண்மையாகவே நேசித்தவர்கள். அதனால்தான் அவர்கள் விடிய விடியக் காத்திருந்து அழுததை வாசிக்கும்போது மனம் கனக்கிறது. ‘அந்த நாளையும் அந்த நாழிகையையும்’ பிதா ஒருவரே அறிவார் என்ற வசனத்தை அவர்களும் அறிந்திருந்தார்கள். வசனத்தைத் தெரிந்திருப்பது போதவில்லை. அது நம் கணக்கை நிறுத்த நாம் இடம் கொடுக்கவேண்டும்.

இதே பயம் நம் வீடுகளுக்கும் வருகிறது. வேதபாட வகுப்பில் ஓர் அம்மா என்னிடம், “ஐயா, ஆதாருக்குக் கைரேகை கொடுத்துவிட்டேனே, அதுதான் அந்த 666 முத்திரையா?” என்று கேட்டார்கள். ரேஷன் கடையில் விரலை வைக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுவதாகச் சொன்னார்கள். அவர்களோடு உட்கார்ந்து மிருகத்தின் முத்திரையை வலதுகையிலோ நெற்றியிலோ பெறுவதையும் மிருகத்தின் எண்ணாகிய 666-ஐயும் சொல்லும் வெளிப்படுத்தல் 13-ஆம் அதிகாரத்தின் கடைசியையும் 14-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தையும் இடைவெளி விடாமல் வாசித்தோம். அங்கே ஆட்டுக்குட்டியானவரோடு நிற்பவர்களின் நெற்றியிலும் ஒரு நாமம் இருக்கிறது. பிறகு உபாகமம் 6:8-க்குப் போனோம். கர்த்தருடைய கட்டளைகளைக் கையிலும் கண்களுக்கு நடுவிலும் கட்டிக்கொள்ளச் சொல்லும் வசனம் அது. நெற்றியும் கையும் ஒருவர் யாரை வணங்குகிறார், யாருக்குக் கீழ்ப்படிகிறார் என்பதைக் காட்டும் இடங்கள். தெரியாமல் விரலில் ஒட்டிக்கொள்ளும் முத்திரையைப் பற்றி யோவான் பேசவில்லை, அறிந்து செய்யும் வணக்கத்தைப் பற்றிப் பேசுகிறார். எண்ணைப் பொறுத்தவரை, எபிரெய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு; ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை ‘நீரோன் கேசர்’ என்று அந்த எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வரும். லத்தீன் வழக்குப்படி ‘நீரோ’ என்று ஓர் எழுத்தைக் குறைத்தால், சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் காணப்படும் 616 வரும். நீரோவைத்தான் யோவான் குறித்தார் என்பதை எல்லாரும் ஏற்பதில்லை. இரண்டாம் நூற்றாண்டிலேயே லியோன் நகரத்து ஆயர் ஐரேனியுஸ் அந்த எண்ணுக்குப் பொருந்தும் சில பெயர்களை எடுத்துக்காட்டிவிட்டு, இன்னார்தான் என்று துணிந்து அறிவிக்கக்கூடாது என்று எச்சரித்திருக்கிறார். யோவானின் காலத்துக்கு அத்தனை அருகில் வாழ்ந்தவரே அவ்வளவு நிதானமாக இருந்தபோது, நமக்கு ஏன் இத்தனை அவசரம்?

உறுதியாகப் பிடிக்கவேண்டியதையும் தளர்வாகப் பிடிக்கவேண்டியதையும் பிரித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்து மகிமையோடு மறுபடியும் வருவார், உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்ப்பார் என்று நிசேயா விசுவாசப் பிரமாணத்தில் பெரும்பாலான சபைகள் அறிக்கையிடுகின்றன. கிறிஸ்து ஆயிரம் வருஷம் அரசாளுவதாக வெளிப்படுத்தல் 20 சொல்லும் ஆயிர வருட அரசாட்சியிலோ தொடக்கத்திலிருந்தே கருத்துவேறுபாடு உண்டு. ஐரேனியுஸ் அதை நேரடியாக எதிர்பார்த்தார், அகஸ்டின் அதைச் சபையின் காலமாக விளக்கினார். உபத்திரவ காலத்துக்கு முன் கிறிஸ்து இரகசியமாக வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்வார் என்ற இரகசிய வருகைப் போதனை, 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பியாலும் பின்னர் 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகளாலும் பரவியது. அதை நம்புகிறவர் நம்பலாம். நம்பாதவரை அவிசுவாசி என்று சொல்லக்கூடாது.

அந்தப் போதனைக்கு ஆதாரமாக எடுக்கப்படும் 1 தெசலோனிக்கேயர் 4-ஐ அதன் முடிவு வரைக்கும் வாசியுங்கள். தங்களுக்கு அருமையானவர்களை அடக்கம்பண்ணிவிட்டுத் துக்கித்திருந்தவர்களுக்குப் பவுல் எழுதியது அது. ‘ஒருவரையொருவர் தேற்றுங்கள்’ என்று முடிகிறது. நம்முடைய கல்லறைத் தோட்டங்களில் அதை வாசிக்கிறவர்கள் அதன் இடத்தில் வைத்தே வாசிக்கிறார்கள். அதே சபையில் நாள் வந்துவிட்டதென்ற வதந்தி கிளம்பியபோது, பவுல் இரண்டாம் நிருபத்தில் மாற்றுத் தேதி ஒன்றும் கொடுக்கவில்லை. மனங்கலங்கவேண்டாம் என்றார், அமைதலோடு வேலைசெய்து சாப்பிடும்படி கட்டளையிட்டார்.

சபையில் இதைப் பாடமாக நடத்துகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்லுகிறேன். தானியேல் முதல் ஏழு அதிகாரங்களில் தொடங்கி, மாற்கு 13, தெசலோனிக்கேயருக்கு எழுதின இரண்டு நிருபங்கள், அதன்பின் வெளிப்படுத்தலின் ஏழு சபைகள் என்று வாருங்கள். 4, 5-ஆம் அதிகாரங்களுக்குக் குறைந்தது இரண்டு வாரங்களாவது கொடுங்கள். முத்திரைகள் உடைக்கப்படும் 6-ஆம் அதிகாரத்துக்குப் போக வகுப்பு அவசரப்படுத்தும். அப்போது அந்த முத்திரைகளை உடைக்கிறவர் யார், அவருடைய உடலில் என்ன காயம் இருக்கிறது என்று கேட்டு, 5:6-ஐ மறுபடியும் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.