'கெட்' கைவசப்பட: அதைப் பார்க்காதீங்க, அடுத்த சொல்லைப் பாருங்க

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மேனேஜர் "கெட் பேக் டு மீ பை சிக்ஸ்" என்றார். சரியாக ஆறு மணிக்கு அவர் மேசை முன்னால் போய் நின்றேன், வெறுங்கையோடு. ஆறு மணிக்குள் பதில் சொல்லச் சொன்னவர், நான் எதற்கு நிற்கிறேன் என்று புரியாமல் பார்த்தார். 'பேக்' என்றால் திரும்ப, 'டு மீ' என்றால் என்னிடம். என் கணக்கில் தப்பே இல்லை, 'கெட்'தான் காலை வாரிவிட்டது.

இப்போது பெங்களூர் அல்சூரில் ஞாயிறு மாலை நாலைந்து பேருக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதே சொல்தான். அகராதியைத் திறந்தால் மயக்கம் வரும். சின்னச் சொற்களுக்குத்தான் பொருள் அதிகம். ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கிலப் பேரகராதியின் 1989 பதிப்பில் எல்லாவற்றையும்விட நீண்ட பதிவு 'செட்' என்கிற குட்டிச் சொல்லுக்கு. வினையாக மட்டும் ஏறத்தாழ 430 பொருள்! 'கெட்'டும் அந்த ஜாதிதான்.

பயப்பட ஒன்றுமில்லை, நம்மிடம் 'போடு' இருக்கிறது. டீ போடு, சட்டை போடு, சண்டை போடு, கணக்குப் போடு, நாய் குட்டி போடுது. இதையெல்லாம் மனப்பாடமா செய்தோம்? 'போடு'வுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று பார்த்தே பொருளைப் பிடித்தோம். ஆங்கில வாக்கியம் நமக்குத் தலைகீழ், ஆகவே 'கெட்'டுக்குப் பின்னால் பார்க்கணும். அவ்வளவுதான் சூத்திரம்.

படி 1: பின்னால் ஒரு பொருள் வந்தால்

கிடைத்தது, வந்தது, வாங்கினேன். ('காட்' என்பது 'கெட்'டின் இறந்தகாலம்.) "ஐ காட் எ சீட்": சீட் கிடைச்சுது. "ஐ காட் எ ஃபீவர்": காய்ச்சல் வந்துடுச்சு. நடுவில் ஆள் நுழைந்தால், "கெட் மீ எ காஃபி", எனக்கு ஒரு காபி வாங்கிட்டு வா. கன்னடம் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் சுலபம். 'பஸ் ஸிக்து' என்றால் பஸ் கிடைத்தது, 'நாளெ ஸிகோண' என்றால் நாளைக்குச் சந்திப்போம். பெங்களூரில் வளர்ந்தவர் வாயில் 'கெட்'டின் தம்பி ஏற்கெனவே குடியிருக்கிறான்.

படி 2: இடம் வந்தால்

போய்ச் சேர்ந்தேன். "ஐ காட் டு மெஜஸ்டிக் அட் நைன்." வீட்டுக்கு மட்டும் 'டு' வேண்டாம், "ஐ காட் ஹோம்" போதும். கிடைப்பதற்கும் போய்ச் சேர்வதற்கும் என்ன உறவு என்று கேட்டால், இந்தச் சொல் வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தது, அங்கேயே அதற்குப் பெறுவது, எட்டுவது இரண்டும் பொருள். நம்ம 'எட்டு' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கும் எட்டும், ஊரையும் எட்டலாம்.

படி 3: குணமோ நிலையோ வந்தால்

இங்கே கொஞ்சம் நிதானமாக வாங்க. "இட் இஸ் டார்க்" என்றால் இருட்டா இருக்கு. "இட் இஸ் கெட்டிங் டார்க்" என்றால் இருட்டிக்கிட்டு வருது. முதலாவது நிலை, இரண்டாவது மாற்றம். நாம் இரண்டுக்கும் 'இஸ்' போட்டே ஓட்டிவிடுகிறோம். 'ஆச்சு', 'ஆயிட்டு வருது' என்று தமிழில் வாய் போகும் இடத்தில் 'கெட்' வரும். காபி ஆறிட்டு வருது: "தி காஃபி இஸ் கெட்டிங் கோல்ட்."

படி 4: மூன்றாம் வடிவ வினை ('கோ, வென்ட், கான்' வரிசையில் மூன்றாவது) வந்தால்

நமக்கு நேர்ந்தது, பெரும்பாலும் நாம் கேட்காமலே. "ஐ காட் ஸ்டக் அட் சில்க் போர்டு." சில்க் போர்டு சந்திப்பு டிராஃபிக்கில் மாட்டிக்கிட்டேன். இதைவிட நல்ல உதாரணம் இந்த ஊரில் கிடைக்காது. போன் திருடு போனால் "மை ஃபோன் காட் ஸ்டோலன்". கல்யாணமும் இதே கட்சிதான், "ஐ காட் மேரீட்". (சிரிக்காதீங்க, இலக்கணம் அப்படி.)

படி 5: பிறரைக்கொண்டு செய்வித்தால்

பெரும்பாலானவர்கள் தப்பு விடும் இடம். "முடி வெட்டிக்கிட்டேன்" என்று தமிழில் சொன்னால் சலூனுக்குப் போனோம் என்று எல்லாருக்கும் புரியும், 'கிட்டேன்' அந்த வேலையைச் செய்துவிடுகிறது. "ஐ கட் மை ஹேர்" என்றால் கத்திரியை நீங்களே கையில் எடுத்ததாக அர்த்தம். "ஐ காட் மை ஹேர் கட்" என்று வரிசை மாற்றுங்கள். பொருள் நடுவில், வினை கடைசியில். பைக் சர்வீஸுக்கும் இதே வரிசை: "ஐ காட் மை பைக் சர்வீஸ்ட்."

ஆள் நடுவில் வந்தால் 'டு' சேரும். "ஐ காட் ஹிம் டு சைன்." பேசிச் சரிக்கட்டிக் கையெழுத்துப் போட வைத்தேன். 'மேட் ஹிம் சைன்' என்றால் 'டு' கிடையாது, அதில் கொஞ்சம் அதட்டலும் இருக்கு.

படி 6: வால் சொற்கள்

'அப்', 'ஓவர்', 'அலாங்' என்று நூறு வால் உண்டு. ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடிக்கப் போகாதீங்க. முதலில் வண்டி ஏறி இறங்கக் கற்றால் போதும். உள்ளே நின்று நடக்க முடிகிற பஸ், மெட்ரோ, ரயிலுக்கு 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. குனிந்து நுழைகிற ஆட்டோ, காருக்கு 'கெட் இன்', 'கெட் அவுட்'. நாம் சொல்கிற 'கெட் டௌன்' இந்தியா முழுக்கச் செல்லும். அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அமெரிக்க கிளையன்ட் காதில் அது 'குனிஞ்சு படு' என்றுகூட விழலாம்.

அமெரிக்கர் 'காட்டன்' என்று சொன்னால் பருத்தி என்று குழம்பாதீங்க. 'கெட்'டின் பழைய மூன்றாம் வடிவம் அது. பிரிட்டனில் 'காட்' ஆகிவிட்டது, அங்கே 'ஃபர்காட்டன்' மாதிரிச் சொற்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சூத்திரத்துக்கு அடங்காததும் உண்டு. வகுப்புக்கு வரும் அக்கா ஒருத்தர் இந்திராநகரில் ஒரு வீட்டில் சமையல் வேலை. காலிங் பெல் அடித்ததும் வீட்டம்மா மாடியிலிருந்து "கேன் யூ கெட் தட்?" என்றாராம். அக்கா அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடி, எதை எடுத்து வரணும் என்று ஹாலில் தேடியிருக்கிறார். பெல் மூன்றாம் முறை அடித்த பிறகுதான் விளங்கியது. "தம்பி, கதவைத் திறன்னு சொன்னா வாய் வலிக்குமா?" என்று என்னிடம் ஒரே கோபம். பெல்லோ போனோ அடிக்கும்போது 'கெட்' வந்தால் நீங்க போய்ப் பாருங்க என்று அர்த்தம். இதற்கு மனப்பாடம்தான் வழி.

பயிற்சிக்கு ஒரு நோட்டு எடுங்க. ராத்திரி படுக்கும் முன் அன்றைக்கு நடந்ததில் ஆறு வாக்கியம், ஒரு படிக்கு ஒன்று. விடுப்புக் கடிதத்திலும் அரசு விண்ணப்பத்திலும் மட்டும் 'கெட்'டைக் குறைத்து, 'ரிசீவ்', 'பிகம்' போடுங்க. போன ஞாயிறு அந்த அக்கா நோட்டில் இருந்த முதல் வரி: "ஐ காட் ஆங்ரி. பெல் காட் டயர்ட்." இரண்டாவதற்கு முன்னால் ஒரு 'தி' மட்டும் சேர்த்துக் கொடுத்தேன்.